பால்பழ மரம் சொன்ன பதில்

மரத்துக்குக் கொடுத்த கெடு முடிய இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் உச்சிவேளை என்று எட்டண்ணன் சொல்லியிருந்தார். அதற்குள் மரம் ஒரு பூவாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் ரம்பம்.

எங்கள் பக்கத்தில் பிறந்த வரிசைதான் கூப்பிடும் பெயர். டோன் எட்டாமவர், அதனால் எட்டண்ணன். அவரைக் கட்டிக்கொண்டு வந்த லுவா எட்டக்கா.

அக்கரையிலிருந்து இரவல் வாங்கி வந்த மோட்டார் ரம்பம் தாழ்வாரத்தில் சாக்கின் மேல் கிடந்தது. எட்டண்ணன் அதன் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். லுவா வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றை வாளியில் அள்ளி மேட்டின் மேல் வீசிக்கொண்டிருந்தாள். முதல் மழை பெய்து நின்றிருந்தது. வெயில் மறுபடியும் ஏறியிருந்தது. சேறு சூடாக இருந்தது.

"லோக் அம்மா, எண்ணெய் எங்க?"

"எந்த எண்ணெய்?"

"ரம்பத்துக்கு."

"வீட்டுல சமையல் எண்ணெய்தான் இருக்கு."

"அதப் போட்டா மரம் வறுவலாயிடும்."

அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். லுவா அடுத்த வாளியை அள்ளினாள். அந்தச் சேறு பால்பழ மரத்தின் அடியில் போய் விழுந்தது.

"நாளைக்கு வெட்டப் போற மரத்துக்கு இன்னைக்கு எதுக்கு உரம்?"

"நாளைக்குத்தான வெட்டப் போறீங்க."

அவர் ரம்பத்தின் அடுத்த பல்லைத் துடைத்தார். மரம் வாசலுக்கு நேராக நின்றது. ஒரு காலத்தில் அதன் நிழல் வீட்டுக் கூரை வரைக்கும் வரும். இலையின் அடிப்பக்கம் செம்பு நிறம். காற்றடித்தால் மரமே நிறம் மாறும். இப்போது நுனிக்கிளைகளில் மட்டும் சின்னச் சின்ன இலைகள். நடுவில் வானம் தெரிந்தது. லுவா கல்யாணமாகி வந்தபோது படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பதியன் அது. மாமியார் வீட்டில் இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் குழிதான் தோண்டினாள் என்று இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வாசலின் ஓரத்தில் தென்னம்பிள்ளைகள் வரிசையாக முளைவிட்டு நின்றன. உப்பைத் தாங்கும் மரம் தென்னை. ஹாம் லுவோங் ஆற்றங்கரையில் இரண்டு வருஷமாக எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பம்பளிமாஸும் டுரியானும் போய்த் தென்னை வருகிறது.

"அவன் போன் பண்ணினான்," என்றாள் லுவா.

"எவன்?"

"உங்களுக்கு எத்தன மகன்?"

எட்டண்ணன் துணியை உதறினார். "என்ன சொன்னான்?"

"காலைல வர்றானாம். முதல் பஸ்ல."

"வரட்டும். தென்னைக்குக் குழி வெட்ட ஆள் வேணும்."

"குழி வெட்டவா பின் டுவோங்கிலேருந்து வர்றான்?"

"பின்ன எதுக்கு? மண்ண அடைச்சுக் காட்டவா? அத ஏற்கனவே பார்த்தாச்சு."

லுவா வாளியை மேட்டில் வைத்தாள். இரண்டு கைகளையும் மேட்டில் ஊன்றி ஏற முயன்றாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கால் விரல்களுக்கிடையே சேறு பிதுங்கியது. பிறகு எழுந்து பூப்பறிக்கப் போனாள்.

மறுநாள் ஐந்தாம் நாள் விசேஷம், பூஜை மாடத்துக்குப் பூ வேண்டும். செண்டுப்பூப் பாத்தி வாய்க்கால் ஓரம். அதற்கப்பால் இட்லிப்பூச் செடிகள், தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் மல்லிகை. செண்டுப்பூவைச் சீக்கிரம் பறித்துவிட்டாள். மல்லிகைக்குத்தான் நேரம் பிடித்தது. ஒவ்வொரு மொட்டாகத் திருப்பி, நுனியில் பச்சை போய்விட்டதா என்று பார்த்துக் கிள்ளினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பத்தக்காவின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பத்தாமவரின் மனைவி. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால்.

"என்னக்கா இது? வழி முழுக்க வாசம் தூக்குது. மூக்க வச்சுப் பறிக்கறத விட்டுட்டுக் கண்ண வச்சுத் தேடிக்கிட்டு இருக்கீங்க."

"கண்ணு நல்லா இருக்கான்னு பார்க்கறேன் பத்து."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கண்ணு நல்லா இருக்கான்னு அடுத்த வீட்டையே பார்ப்பாரு." பத்தக்கா வேலியில் கைகளை வைத்துக்கொண்டாள். "நிஜமாவே வெட்டப் போறாரா?"

"ரம்பம் வந்தாச்சு."

"எங்க பம்பளிமாஸையும் போன மாசம்தான் எடுத்தோம். கடைசியா நின்ன ரெண்டையும். வேரப் பார்த்தா கருகல். கையில பிடிச்சா தோல் மட்டும் கையோட வருது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்க நாக்கு மட்டும் இல்லேன்னா முன்னாடியே போயிருக்கும். அத்தன வருஷம் காப்பாத்திக் கொடுத்தீங்க. அந்த ஒரு தடவ அடைப்பு கசிஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

லுவா மொட்டுகளை மடியிலிருந்து தட்டில் கொட்டினாள். இரண்டு கீழே விழுந்தன. குனிந்து எடுத்தாள்.

"காலைல நொதிச்சோறு கொண்டாறேன்," என்றாள் பத்தக்கா. "இந்தத் தடவ புது நொதி மாவு போட்டிருக்கேன். எப்படி வந்திருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

*

தோட்டத்துக்குத் தண்ணீர் வருவது ஆற்றிலிருந்துதான். கரையின் அடியில் குழாய் ஒன்று போகிறது, குடைந்த தென்னந்தண்டு. நீர் ஏறும்போது திறந்தால் வாய்க்கால் நிரம்பும். இறங்கும்போது அடைத்தால் நிற்கும். எங்களுக்குத் தையில் வரும் புத்தாண்டு கழிந்து காற்று திரும்பியதும் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும். அப்போது குழாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும். ஆனால் முழுக்கோடையும் அடைத்தே வைத்தால் மரம் காய்ந்துவிடும். நடுவில் நல்ல தண்ணீர் வரும் நேரம் பார்த்துத் திறந்து, நிரப்பி, மறுபடி அடைக்க வேண்டும். அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

காலையில் ஒலிபெருக்கியில் உப்பு எவ்வளவு என்று சொல்வார்கள். அது பெரிய ஆற்றின் கணக்கு. எங்கள் கிளை வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆயிரத்துக்கு ஒரு பங்கைத் தாண்டினாலே பால்பழத்துக்கு ஆகாது. அவ்வளவு சன்னமான உப்பு நாக்கில் தெரியாது என்பார்கள். லுவாவுக்குத் தெரியும். படித்துறையின் கடைசிப் படியில் குந்தி, உள்ளங்கையில் அள்ளி, நுனி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். "நல்ல தண்ணி" என்றால் இரண்டு வீட்டிலும் அடைப்பைப் பிடுங்குவார்கள். தலையை ஆட்டினால் எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

மகன் லோக் உப்பு அளக்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் விட்டால் எண் காட்டும் என்றான்.

"பேனாவா?" என்றார் எட்டண்ணன். "உங்கம்மா நாக்குக்கு பேட்டரி மாத்த வேண்டியதில்ல." அதை அவர் டீக்கடையிலும் சொன்னார். கல்யாண வீட்டிலும் சொன்னார். லுவா பக்கத்தில் இருந்தால் அவள் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

இந்தப் பேனாப் பேச்சு வந்தது கொரோனாவில் வீடே படுத்து எழுந்த பிறகு. மூன்று பேரில் லுவாதான் முதலில் எழுந்து கஞ்சி வைத்தாள். கஞ்சியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாள். காய்ச்சல் மயக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து சரியாக வைத்தாள்.

அதன்பின் வந்த இரண்டு கோடைகளில் உப்பு அதிகம் ஏறவில்லை. மூன்றாவது கோடையில் ஏறியது. அந்த மாசியில் ஒரு மத்தியானம் லுவா படித்துறையில் குந்தி அள்ளிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தாள். பிறகு "நல்ல தண்ணி" என்றாள். திறந்தார்கள். இரண்டு தோட்டமும் நிரம்பியது. லோக்தான் அடைப்பைத் திரும்ப வைத்தான். சாக்கைத் திணித்து, களிமண்ணைக் காலால் மிதித்து, உலக்கையால் இடித்தான்.

பத்து நாளில் பால்பழத்தின் இலைகள் ஓரத்தில் கருகின. அப்புறம் கொட்டின. பிஞ்சுகள் பட்டாணி அளவில் உதிர்ந்து வாசல் முழுக்கக் கிடந்தன. ஒலிபெருக்கிக்காரரிடம் கருவி வாங்கி வந்து வாய்க்காலில் விட்டார்கள். ஆயிரத்துக்கு நான்கு காட்டியது.

எட்டண்ணன் கணக்குப் போட்டார். திறந்தபோது தண்ணீர் நல்ல தண்ணீர். லுவா ருசி பார்த்திருக்கிறாள். அப்படியானால் உப்பு பிறகுதான் வந்திருக்கிறது. பிறகு வர ஒரே வழி அடைப்பு. அடைப்பை வைத்தவன் லோக்.

"நாயே நுழைஞ்சு போகலாம்டா நீ வச்ச அடைப்புல."

"பா, நான் நல்லாத்தான் இடிச்சேன்."

"அப்ப உங்கம்மா பொய் சொன்னாளா?"

லோக் அம்மாவைப் பார்த்தான். லுவா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

அந்த வாரமே லோக் பின் டுவோங்குக்குச் செருப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அடுத்த புத்தாண்டுக்கு வரவில்லை. மரமும் அந்த வருஷம் பூக்கவில்லை. லுவா மட்டும் மழைத்தண்ணீரைச் சாடியிலிருந்து சுமந்து அதன் வேரைக் கழுவினாள். சுண்ணாம்பு போட்டாள். வைக்கோல் பரப்பினாள். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே செய்தாள். வேண்டாம் என்று எட்டண்ணன் சொன்னதும் அதே இடுப்புவலியோடு மறுபடி செய்தாள்.

*

லோக் வந்தபோது விடிந்திருந்தது. ஒரு பையும் ஒரு அட்டைப் பெட்டியும். பெட்டியில் அப்பாவுக்குச் செருப்பு.

"மா, அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

எட்டண்ணன் நான்கடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எனக்குச் செருப்பு இருக்குன்னு சொல்லு."

"அப்பாவுக்குச் செருப்பு இருக்காம்," என்றாள் லுவா மகனிடம். பிறகு நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் காது இருக்கு. நான் எதுக்கு நடுவுல?"

யாரும் சிரிக்கவில்லை. லோக் மெலிந்திருந்தான். விரல் நகங்களில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். கீழ்க்கிளை ஒன்றை வளைத்து, இலைக்காம்பில் நகத்தால் கீறினான். பால் துளிர்த்தது.

"உயிர் இருக்கு மா."

"எனக்கும் தெரியும்."

"அப்பறம் ஏன் வெட்டறாரு?"

"உயிர் இருந்தாப் போதுமாடா?" என்றார் எட்டண்ணன், டீயைப் பார்த்துக்கொண்டே. ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு மகனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. பேசிவிட்டோமே என்பதுபோல எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பத்தக்கா சட்டியோடு வந்தாள். ஐந்தாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் நொதித்த ஒட்டரிசிச் சோறு சாப்பிட வேண்டும். வயிற்றில் இருக்கும் பூச்சியெல்லாம் போதையேறிச் செத்துவிடும் என்பது கணக்கு. அவள் வாழை இலையைத் திறந்து முதல் கிண்ணத்தை லுவாவிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. அப்பறம்தான் மத்தவங்களுக்கு."

லுவா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். பத்தக்காவின் முகத்தைப் பார்த்தாள். பத்தக்கா எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்கு பத்து. தேன் மாதிரி இனிப்பு."

"நிஜமாவா? அப்பாடா. நான் விரதம், இன்னைக்கு வாயில வைக்க முடியாது. பயந்துக்கிட்டே இருந்தேன்."

அவள் லோக்குக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். லோக் ஒரு கரண்டி சாப்பிட்டான். கரண்டி அப்படியே நின்றது. நொதி மீறிப் போயிருந்தது. நாக்கின் அடியில் காடியாக ஏறியது, பின்னால் கசந்தது. அம்மாவைப் பார்த்தான். அவள் கிண்ணத்தை நிதானமாகக் காலி செய்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் பத்தக்கா.

"அம்மா சொன்னதேதான்," என்றான் லோக். முழுதும் சாப்பிட்டான். அப்பாவுக்கு வைத்திருந்த கிண்ணத்தையும் இழுத்துச் சாப்பிட்டான்.

"பசியோட வந்திருக்கான் பிள்ள," என்று பத்தக்கா சந்தோஷமாகப் போனாள்.

அவன் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தான். லுவா மண்சட்டியில் மீனை அடுக்கி உப்புக்கு மீன் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். புட்டியின் மூடியில் அளந்து, மூன்று மூடி. பிறகு ஒரு மூடி சர்க்கரை. ருசி பார்க்காமல் சட்டியை மூடினாள்.

"மா."

"என்ன?"

"முன்னெல்லாம் நீங்க புட்டியோட சாய்ச்சு ஊத்துவீங்க."

"வயசாச்சு. கை நடுங்குது."

"கை நடுங்கல."

அவள் அடுப்புக்கு முன் குனிந்து ஊதினாள். புகை எழுந்தது. ஊதி முடித்த பிறகும் குனிந்தே இருந்தாள்.

"எவ்வளவு நாளா மா?"

"மீனு கருகிடப் போகுது. அந்தக் கரண்டிய எடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். வெளியே எட்டண்ணன் ரம்பத்தின் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அது இருமிவிட்டு நின்றது.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றான் லோக் தாழ்ந்த குரலில். "மத்தியானம் மரத்த விசாரிக்கறப்ப நான்தான் மேல ஏறுவேன். எப்பவும் நான்தான ஏறுவேன். அப்பா ஏன் காய்க்கலன்னு கேட்டா, அடைப்பு சரியில்ல, கசிஞ்சிருச்சுன்னு சொல்லிடறேன். அவருக்கு அதுதான் வேணும். என் வாயால ஒரு தடவ கேட்டுட்டா ஆறிடுவாரு. ரம்பத்தையும் எடுத்து வச்சிருவாரு."

"நீ நல்லாத்தான அடைச்ச?"

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். போதும்."

லுவா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள். அது நழுவி மண்ணில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"அங்க எப்படி இருக்கு?" என்றாள் லுவா.

"எங்க?"

"வேலை பார்க்கற இடத்துல."

"பசை நாத்தம் மா. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா சோத்துலயும் அதே நாத்தம்தான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "நீங்க வந்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. லுவா எழுந்து, அவன் தலையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

*

உச்சிவேளைக்குச் சற்று முன்பு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பூஜை மாடத்தில் ஊதுபத்தி எரிந்து முடிந்திருந்தது. அரிசியைச் சாம்பல்நீரில் ஊறவைத்து இலையில் கட்டி அவித்த கொழுக்கட்டைகளை லுவா உரித்து வைத்தாள். யாரும் அதிகம் சாப்பிடவில்லை. பத்தக்கா மணைப் பலகையோடு வந்து உட்கார்ந்தாள். இதைப் பார்ப்பது அவளுக்கு வருஷா வருஷம் வழக்கம்.

காய்க்காத மரத்தை இந்த நாளில் விசாரிப்பார்கள். ஒருவர் மேலே ஏறி மரமாகிவிடுவார். ஒருவர் கீழே அரிவாளோடு நின்று மிரட்டுவார். அரிவாளின் முதுகால் தட்டினால் போதும். மேலே இருப்பவர் கெஞ்ச வேண்டும், அடுத்த வருஷம் காய்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் சிரிப்பார்கள். சில மரங்கள் நிஜமாகவே காய்க்கும். அடிபட்ட பட்டை சாற்றைக் கீழே விடாமல் மேலேயே நிறுத்தும் என்று லோக் எங்கோ படித்திருந்தான். எட்டண்ணனுக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தடவை அரிவாளுக்குப் பக்கத்தில் ரம்பமும் இருந்தது.

"யாரு ஏறறது?" என்றார் எட்டண்ணன் பொதுவாக.

லோக் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். மரத்தடிக்கு வந்தான். லுவா அவனுக்கு முன்னால் போய் நின்றாள். கால்சட்டையின் நுனியை முழங்கால்வரை சுருட்டியிருந்தாள்.

"நான் ஏறறேன்."

"என்னது?" என்றார் எட்டண்ணன்.

"நான் கொண்டாந்த மரம். நானே பேசறேன்."

பத்தக்கா கைதட்டிச் சிரித்தாள். "அக்கா, மரம் காய்க்குதோ இல்லையோ, இன்னைக்கு ஒண்ணு பொத்துனு விழப் போகுது!"

"மா, வேண்டாம்," என்றான் லோக். அவள் கையைப் பிடித்தான். "நான் சொன்னேன் இல்ல?"

"சொன்ன. அதனாலதான் ஏறறேன். கொஞ்சம் தோள் கொடு."

அவன் குனியவில்லை. அவள் அவன் தோளை அழுத்தினாள். அவன் குனிந்தான். அவன் முதுகில் ஒரு கால் வைத்து முதல் கவட்டைப் பிடித்தாள். பட்டையில் முழங்கால் உரசியது. கிளையை மார்போடு அணைத்து ஒரு நிமிஷம் அப்படியே தொங்கினாள். பிறகு ஏறி, கவட்டில் உட்கார்ந்தாள். கீழே அவள் கால்கள் தொங்கின. பாதத்தில் நேற்றைய சேற்றின் கோடு இருந்தது.

எட்டண்ணனுக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்தது. அவர் அரிவாளை எடுத்தார்.

"ஏய் மரமே!"

"சொல்லுங்கையா," என்றாள் லுவா மேலிருந்து.

"மழையும் வந்தாச்சு. உன்னோட பூ எங்க? காய் எங்க?" அரிவாளின் முதுகால் தட்டினார். மரம் அதிர்ந்தது. சின்ன இலை ஒன்று சுழன்று விழுந்தது.

"இல்லீங்கையா."

"இல்லேன்னா? சோறு போட்டாச்சு, சேறு போட்டாச்சு. என் பொண்டாட்டி இடுப்பு ஒடியத் தண்ணி சுமந்தா. நீ சும்மா நிக்கற. வெட்டிடட்டுமா?"

பத்தக்கா சிரித்தாள். "ஐயா மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுங்கக்கா! கும்பிட்டுச் சொல்லுங்க!"

லுவா சொல்லவில்லை.

"ஏன் காய்க்கல? பதில் சொல்லு!"

"உப்புத் தண்ணி குடிச்சேங்கையா."

வழக்கமாக மரம் சொல்லும் பதில் அது இல்லை. எட்டண்ணன் அரிவாளை இறக்கினார். லோக் பக்கம் திரும்பாமல், ஆனால் அவனுக்கு என்று தெரியும்படி, கேட்டார்: "யாரு கொடுத்தது அந்த உப்புத் தண்ணிய?"

"நான்தான் பா," என்றான் லோக். "அடைப்பு..."

"மரத்தக் கேக்கறாரு," என்றாள் லுவா. "நீ பேசாத."

லோக் நிறுத்தினான்.

"அடைப்பு நல்லா இருந்துச்சுங்கையா," என்றாள் லுவா. குரல் மரத்துக்காக வைத்துக்கொண்ட குரலாகவே இருந்தது, கொஞ்சம் கட்டையாக. "பையன் நல்லாத்தான் இடிச்சான். ஒரு சொட்டு உள்ள வரல. வந்த உப்பு வெளியவும் போகல. அவ்வளவு நல்லா அடைச்சிருந்தான்."

"பின்ன எப்படி வந்துச்சு?"

"திறந்தப்பவே வந்துச்சு."

"திறந்தப்ப நல்ல தண்ணி. ருசி பார்த்துத்தான் திறந்தோம்."

"பார்த்தாங்க."

எட்டண்ணன் அண்ணாந்து பார்த்தார். வெயில் நேராக அவர் கண்ணில் விழுந்தது. இலை இல்லாத இடத்தின் வழியாக அவருக்கு அவள் முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் தெரிந்தது. பத்தக்காவின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் மணைப் பலகையிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

"ரெண்டு வருஷம் ஆத்துல மிதக்கற ஆகாயத்தாமரையப் பார்த்துச் சொன்னாங்க," என்றாள் லுவா. "அதோட இலை பழுக்காம இருந்தா நல்ல தண்ணி. பழுத்தா உப்பு. ரெண்டு வருஷமும் சரியா இருந்துச்சு. அந்தத் தடவ அது பச்சையா இருந்துச்சு. உப்பு அன்னைக்குத்தான் வந்திருக்கும் போல. பழுக்க அதுக்கு நேரம் வேணும் இல்லீங்களா?"

"தாமரைய எதுக்குப் பார்க்கணும்?" என்றார் எட்டண்ணன். "நாக்கு என்னாச்சு?"

மேலே கிளை முனகியது. அவள் இரண்டு கைகளாலும் கவட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்தாள். இப்போது அவள் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. மரத்தின் குரல் போய்விட்டிருந்தது.

"லோக் அப்பா, எனக்கு உப்புத் தெரியாது. அந்தக் காய்ச்சல்லேருந்து வாசமோ ருசியோ எதுவுமே தெரியாது."